ஆரணியிலிருந்து புனேக்கு ஒரு பூனை

காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் தெருமுனையில் கார் வந்து நின்றது. ஆரணியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, சுங்கக் கட்டணம் தனி. பயணிகள் இருவர்: நானும், எங்கள் பூனை ஜிம்மியும். நாய்க்கு வைக்கிற பெயர்தான். மகள் வித்யா எட்டாவது படிக்கும்போது வைத்தாள், யார் சொல்லியும் மாற்றவில்லை. இப்போது அவள் புனேயில் வேலை செய்கிறாள். பூனையை அவளிடம் சேர்ப்பதுதான் என் வேலை.

காரணம் என் மனைவி கஸ்தூரியின் மூச்சு. ஆறு மாதமாக இருமல், விடியற்காலையில் இழுப்பு. டாக்டர் பரிசோதித்துவிட்டு, பூனை முடியும் தூசும் ஆகாது என்றார். தூசு என்றதை நாங்கள் தெருத்தூசு என்று எடுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினோம். மிச்சம் இருந்தது பூனை. ஒன்பது வயதுப் பூனையை வாங்கிக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. வித்யா போனில் அழுதுவிட்டு, "எங்கிட்டயே கொண்டாந்து விட்டுருப்பா" என்றாள்.

ஆற்காடு தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் ஜிம்மி கத்த ஆரம்பித்தது. காரை ஓட்டிய சலீம் பாய் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"பூனைக்கும் டிக்கெட்டுங்களா?"

"எனக்கு நாலாயிரத்து எண்ணூறு, அதுக்கு அஞ்சாயிரம்."

"அப்ப அதுதான் மொதலாளி. நீங்க கூடப் போற ஆளு." கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "இப்பிடியே கத்திகினு வந்தா பக்கத்து சீட்டுக்காரரு பேஜாராயிடுவாருங்க."

எனக்கும் அதே கவலை. வீட்டில் ஒருத்தி மூச்சு வாங்குவதைத் தினமும் பார்க்கிறவன் நான். மூடிய விமானத்தில் இன்னொருவருக்கு அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? அதனால் கல்யாணப் பெண்ணைத் தயார் செய்வதுபோல் பூனையைத் தயார் செய்திருந்தேன். இரண்டு முறை குளிப்பாட்டினேன், நகம் வெட்டினேன், உதிர்கிற முடியையெல்லாம் சீவி எடுத்தேன். பைக்குள் போட கஸ்தூரி ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொடுத்தாள். அவள் வீட்டில் பட்டு நூல் சுற்றுகிறவள். சாயம் ஏறாத கோராப் பட்டு சிட்டம் சிட்டமாக, நூல் கற்றைகளாக வரும், அதை மோட்டார் ராட்டையில் போட்டுச் சுற்றிக் கொடுப்பாள். அறுந்து விழும் கழிவு நூல்தான் ஜிம்மி படுக்கிற கூடையில் கிடக்கும். அதையே மெத்தைக்குள் அடைத்தாள். பழகின படுக்கை என்றால் கத்தாமல் தூங்கும் என்பது அவள் கணக்கு.

ஒன்பது மணிக்கு விமான நிலையம். பையோடு சேர்த்து ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. தராசு ஆறு எண்ணூறு காட்டியது. கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். சோதனைக் கதவில் பூனையை வெளியே எடுத்துக் கையில் பிடித்தபடி நடக்கச் சொன்னார்கள். என் சட்டையைப் பற்றிக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. அப்போது அதன் மேல் எனக்கு ரொம்பவும் பிரியம் வந்தது.

எங்களுக்குக் கடைசி வரிசை ஜன்னலோரம். பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். பெயர் எஸ்தர், சொந்த ஊர் தாம்பரம், புனேயில் பள்ளி ஆசிரியை. முதல் வேலையாக நான் கேட்டேன்.

"கீழ பையில பூனை இருக்குதும்மா. உங்களுக்கு ஒத்துக்கலன்னா சொல்லிடுங்க, வேற சீட்டு கேக்கலாம்."

"எனக்கு வீசிங் இருக்குங்க. ஆனா பூனையால ஒண்ணும் ஆகாது. எங்க வீட்லயே ரெண்டு இருக்கு," என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

பன்னிரண்டு பத்துக்கு விமானம் கிளம்பியது. மேலே ஏறும்போது ஜிம்மி மெத்தையைப் பிறாண்டித் தையலைப் பிரித்துவிட்டது. பையின் வலை வழியாகக் கழிவு நூல் பஞ்சு பஞ்சாக வெளியே வந்தது. அது அடுத்தவர் மேல் ஒட்டக் கூடாதே என்று, சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் பையின் வாயைக் கொஞ்சம் திறந்து மெத்தையை உருவி, மடியில் வைத்துத் தட்டித் தட்டி உள்ளே அடைத்தேன். வீட்டில் செய்கிற பழக்கம். ஐந்து நிமிஷத்தில் எஸ்தர் இருமினார். பிறகு நிற்காமல் இருமினார். கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா, பூனைதான்..."

அவர் கையை ஆட்டி மறுத்தார். "பூனை இல்லங்க. அந்த மெத்தையில இன்னா இருக்கு? கருவாடு மாதிரி அடிக்குது."

முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றுமே அடிக்கவில்லை. இரண்டு முறை குளித்த பூனை என்று உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. விமானப் பணிப்பெண் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து, மெத்தையை அதில் போட்டு இறுக்கி முடிந்து எடுத்துப்போனார். எஸ்தரை நான்கு வரிசை முன்னால் மாற்றி உட்காரவைத்தார். அரை மணி நேரத்தில் இருமல் நின்றது. இறங்குவதற்கு முன் அவரே மறுபடி கடைசி வரிசைக்கு வந்து, பைக்கு அருகே குனிந்து வலை வழியாக ஜிம்மியின் மூக்கைத் தடவினார். ஒரு தும்மல்கூட வரவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ராட்டை கஸ்தூரியின் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி இருக்கிறது. ஜன்னலையும் சாத்தி வைத்திருக்கிறோம்.

புனேயில் வித்யா பூனையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தேகத்தை அவளிடம் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை, அரைகுறையாக எதையாவது சொல்லி ஆசை காட்டக் கூடாது. நான்கு நாள் அங்கே இருந்தேன். அந்த வீட்டில் கோதுமை மாவு வாசனையும் சோப்பு வாசனையும்தான்.

ஐந்தாம் நாள் மதியம் ஆரணி பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தேன். வாசல்படி ஏறும்போது அந்தக் கோராப் பட்டு வாடை அடித்தது. ஐம்பத்திரண்டு வருஷமாக இதே தெருவில் வாழ்கிற எனக்கு முதல் தடவையாக அடித்தது. கருவாடுதான், எஸ்தர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். உள்ளே ராட்டை ஓடிக்கொண்டிருந்தது. கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"பூன போயி அஞ்சு நாளாவுது. இன்னும் அதும் முடி போவல போலக்கீது," என்றாள்.

நான் ராட்டையின் சுவிட்சை அணைத்தேன். பேசாத ஜீவன் மேல் பழி போட்டு ஆயிரம் கிலோமீட்டர் அனுப்பிவிட்டோமோ என்று வெட்கமாக இருந்தது.

"இன்னாங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"

"பொடவைய மாத்திகினு கெளம்பு. டாக்டர இன்னொரு தபா பாத்துட்டு வந்துரலாம்."

ஒரு கோராச் சிட்டத்தைக் கவரில் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன். சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தேன். காலியாகத் திரும்பிய பூனைப் பையைப் பரணில் போடத் தூக்கியவன், போடாமல் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.