கல்யாணக் கேசட்டில் ஒரு வண்டிப்பாதை

திருச்சுழி பின்னால் போய்விட்டது. நரிக்குடி ரோட்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பஸ் என்னைத் தாண்டிப் போயின. கை காட்டவில்லை. எங்கே இறங்குவது என்று தெரியாதவன் எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பான்?

அன்று காலைவரை அருப்புக்கோட்டையில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் இருந்தேன். இப்போதைய தட்டை டிவியில் படம் இருட்டடித்தால் உள்ளே இருக்கும் விளக்குப் பட்டையை மாற்ற வேண்டும். அதற்கு முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றித் தூக்க வேண்டும். அப்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கனம். இரண்டு பேர் தூக்குகிற வேலை. கூட இருந்தவன் சாப்பிடப் போயிருந்தான். நான் தனியாகத் தூக்கினேன். மூலையில் ஒரு கோடு விழுந்து, கண்ணாடி முழுக்க வேர் விட்டது. கடைக்காரர் திட்டவில்லை. போய் டீக் குடித்துவிட்டு வரச் சொன்னார். சொன்ன விதத்தில், திரும்பி வர வேண்டாம் என்பதும் இருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இது எனக்கு ஒன்பதாவது கடை. கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

புளியமரத்தடி பஸ் ஸ்டாப் ஒன்றில் ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில், துண்டு சுற்றிய ஒரு பெட்டி. துண்டு விலகிய இடத்தில் வீடியோ கேசட் போடும் வாய் தெரிந்தது. டெக்கு. நான் அதைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டை பஸ் போய்விட்டதா என்று கேட்டார். டெக்கை ரிப்பேருக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்.

"அக்கா, இதக் கொண்டுபோனா அங்க சிரிப்பாக. நான் அங்கருந்துதான் வாரேன்."

"அப்ப நீங்க சிரிக்காமப் பாருங்க தம்பி" என்றார்.

அவருடைய ஊருக்கு மண்ரோட்டில் நடந்தோம். விஷயத்தை வழியில் சொன்னார். அவருடைய கரிசல் காட்டில் மக்காச்சோளம் காய்ந்து அறுப்புக்கு நிற்கிறது. காட்டுக்குப் போகும் வண்டிப்பாதை கொழுந்தனாரின் நிலத்து ஓரமாகப் போகிறது. கொழுந்தனார் என்றால் கணவரின் சித்தப்பா மகன். போன மாதம் அவர் பாதையின் குறுக்கே கருவேல முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார். நாளைக்குக் காலை ஊருக்குள் அறுவடை மெசின் வருகிறது. அதை விட்டால் மறுபடி எப்போதோ. வானம் வேறு கூடிக்கொண்டிருக்கிறது. கணவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திராப் பக்கம் போயிருக்கிறார். ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை, இரண்டு பக்கமும் சொந்தம். கொழுந்தனாரோ கோயில் முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது சொல்லிவிட்டார்: அந்த வழியாக வண்டி போனதற்கு ஒரு ருசு, கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு சாட்சி, காட்டினால் முள்ளைத் தானே எடுப்பதாக.

அக்காவுக்கு அப்போதுதான் கேசட் ஞாபகம் வந்திருக்கிறது. கல்யாணம் முடிந்து குலசாமி கும்பிட அந்தப் பாதை வழியாகத்தான் பிளசர் கார் போனது. வீடியோக்காரரும் கூடவே வந்தார். கேசட் பீரோவில் பத்திரமாக இருந்தது. டெக்குதான் இல்லை. பாலவனத்தத்துச் சொந்தக்காரர் பரணில் கிடந்ததை இறக்கிக் கொடுத்தாராம்.

அக்கா வீட்டில் உட்கார்ந்து டெக்கின் மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. சைக்கிள் டியூபிலிருந்து வளையம் வெட்டிப் போட்டேன். முதல் வளையம் தடித்துப்போய் வழுக்கியது, இரண்டாவது பிடித்தது. படம் படிக்கும் உருளையை ஸ்பிரிட் தொட்ட காகிதத்தால் துடைத்தேன். துணியால் துடைத்தால் நூல் மாட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தது. அதற்கு மாற்று எங்கேயும் கிடைக்காது. உள்ளே ஒரு நெம்புகோலை ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பிடித்தால்தான் நாடா ஓடியது.

அடுத்த சிக்கல் டிவி. அக்கா வீட்டுத் தட்டை டிவியில் டெக்கு ஒயரைச் சொருக ஓட்டையே இல்லை. அரசாங்கம் கொடுத்த பழைய குண்டு டிவிதான் வேண்டும். அது நல்ல நிலையில் இருந்தது ஊரில் ஒரே வீட்டில். கொழுந்தனார் வீடு.

 அக்கா டெக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் ஸ்குரூடிரைவரோடு பின்னால் போனேன்.

கொழுந்தனாருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கோபப்படவில்லை. "உள்ள வாங்க மதினி. நீங்க சொல்ற பாதைய நானும் கண்ணால பாக்கணும்ல" என்றார். அவர் மனைவி டீப் போட்டுக் கொடுத்தார். அன்று என் வயிற்றுக்குள் போன முதல் பொருள் அதுதான். அதற்குள் கோயில் முன்னால் இருந்த பத்துப் பேரும் வந்துவிட்டார்கள்.

நான் படத்தைப் பார்க்கவில்லை. டிவிக்குப் பக்கவாட்டில் குனிந்து, மூடியில்லாத டெக்குக்குள் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருந்தேன். கை நடுங்கினால் நாடா சிக்கிவிடும். சிக்கினால் அறுக்க வேண்டும். அக்காவிடம் வேறு கேசட் கிடையாது. நாதஸ்வரம் கரகரத்தது. தாலி கட்டியது, பந்தி நடந்தது எல்லாம் காதால்தான் தெரிந்தது. கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் வீட்டில் பேச்சு நின்றது. யாரோ மெதுவாக, அது பாதையின் கிழக்கோரத்து வேப்பமரம்தானே என்று கேட்டார்.  எனக்கு விரல் மரத்துப்போயிருந்தது.

அப்போது கொழுந்தனாரின் மனைவி பேசினார். "காருக்குப் பின்னால டவுசரில்லாம அழுதுக்கிட்டு ஓடுறது நீங்கதான?"

வீடு அதிர்ந்தது. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கினார். காரில் இடம் கொடுக்கவில்லை என்று அன்றைக்குச் சாயங்காலம்வரை அழுதானே என்று ஆளாளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு மாதமாக யாருக்கும் வராத ஞாபகம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கொழுந்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமத்துலே" என்றார் கொழுந்தனார் என்னிடம். "பாத்தது போதும்."

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா எனக்குச் சோறு போட்டார். அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ருசு காட்டியாயிற்று, ஆனால் முள் அங்கேயேதான் கிடந்தது. நான் களத்தில் சாக்கை விரித்துப் படுத்தேன்.

விடிந்ததும் யாரோ என் பையைக் காலால் தட்டினார்கள். கொழுந்தனார். ஒரு கையில் அரிவாள், மறு கையில் முள் தள்ளுகிற கவைக்கம்பு.

"ஏலே, எந்திரி. ஊரு முன்னாடி சொன்ன சொல்லு, எடுத்துத்தான ஆகணும். மெசினு பத்து மணிக்கு வருது, ஒத்த ஆளா முடியாது. அரைநாள் கூலி தாரேன், வாரியா?"

காலைச் சாப்பாடு உண்டா என்று கேட்டேன்.

"மதினி வீட்லயே தின்னுட்டு வா. எங்க வீட்ல இன்னும் அடுப்பு பத்த வைக்கல. அவ சிரிச்சு முடியல."

கவைக்கம்பை வாங்கிக்கொண்டேன். அவர் வெட்டுவது, நான் இழுத்து ஓரத்தில் போடுவது என்று பேச்சு.