லாக்-அவுட் செய்யாதவன்

அலுவலகத்தில் அவனுக்குப் ‘பூட்டு’ என்று பெயர். தேநீர் குடிக்கப் போனாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவான். மாலையில் எல்லோரையும் போல லாக்-அவுட் செய்துவிட்டு அவன் கிளம்பி யாரும் பார்த்ததில்லை. அவனால் முடியாது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதை அது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை அலுவலகத்தோடு பத்திரமாக இணைப்பது விபிஎன். யார் உள்ளே வந்தார்கள், யாருடைய இணைப்பு தொங்குகிறது என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து, இணைப்புகளைத் தாங்கிப் பிடிக்க ஒரு புரோகிராம் பின்னணியில் ஓயாமல் ஓட வேண்டும். அவன் மேசைக்கடியில் இருந்த கணினியில்தான் அது ஓடியது. அதற்கென்று தனி லாக்-இன் கணக்கு வைப்பதுதான் முறை. அதற்கு அனுமதி வர இழுத்தடித்தபோது மேனேஜர், “இப்போதைக்கு உன் கணக்குல ஓட்டுப்பா, அப்புறம் மாத்திக்கலாம்” என்றார். இவனும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை நம்பிக் கெட்டவர்கள் உலகத்தில் கொஞ்சநஞ்சமல்ல. அன்றிலிருந்து, அவன் லாக்-அவுட் செய்தால் புரோகிராம் நிற்கும். அது நின்றால் அத்தனை பேரின் இணைப்பும் அறுந்துபோகும்.

தனிக் கணக்கு பிறகு வந்துவிட்டது. அதற்கு மாற்ற எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கத்தான் மேனேஜருக்கு மனம் வரவில்லை. இன்று வரவுசெலவுக் கணக்கு முடிப்பு என்பார், நாளை பெரிய வாடிக்கையாளரோடு கூட்டம் என்பார், விடுமுறை நாளென்றால் வெளிநாட்டுக் கிளை வேலை செய்கிறது என்பார்.

இதற்குள் மனைவிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இவன் மேனேஜரிடம் மாற்றல் கேட்டான்.

“நீ போனா உன் கணக்கை மூடிடுவாங்க. எல்லாம் படுத்துடும். அதை மாத்திட்டுப் போ.”

“மாத்த அஞ்சு நிமிஷம் குடுங்க சார்.”

“அதான் அடுத்த வாரம்னு சொன்னேன்ல?”

செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டியிருப்பார்கள். இவன் கண்ணைத் திறந்துகொண்டே சுற்றினான். மின்சாரம் ஒரு நொடி மங்கினாலும் மேசைக்கடியில் குனிந்து பார்ப்பான். கூட்டிப் பெருக்குகிறவர் துடைப்பத்தோடு குனிந்தால், “அக்கா, அந்த பிளக் பக்கம் மட்டும் போகாதீங்க!” என்று அலறுவான். அவர் சிரிப்பார். அவனுக்குத் தன்னை நினைத்தாலே கேவலமாக இருந்தது.

ஒருநாள் மனைவி போனில் சொன்னாள்: “அப்பா எங்க இருக்காருன்னு டீச்சர் கேட்டாங்களாம். போனுக்குள்ளன்னு சொல்லியிருக்கா உங்க பொண்ணு. எல்லாரும் சிரிச்சாங்களாம், எனக்குச் சிரிப்பு வரல. வர்றதா இருந்தா வாங்க. இல்லேன்னா, வர்றேன்னு அவகிட்ட இனிமே சொல்லாதீங்க.”

மறுநாள் பட்டப்பகலில், வேலை மும்முரமாக நடக்கும்போது, யாரையும் கேட்காமல் அவன் லாக்-அவுட்டை அழுத்தினான். திரை வெறுமையானதும் மேசைக்கு மேசை போன்கள் அலறின. அவன் எதையும் எடுக்கவில்லை. தனிக் கணக்கில் நுழைந்து புரோகிராமை மறுபடி எழுப்பிவிட்டு நிமிர்ந்தபோது மேனேஜர் எதிரில் நின்றார்.

“வாடிக்கையாளர்கிட்ட பேசிட்டிருந்தேன்யா! பாதியில அறுந்து போச்சு! யாரைக் கேட்டு நிறுத்தின?”

“உங்களைத்தான் சார். எத்தனை தடவை கேட்டேன்!”

“இனிமே உனக்கு இங்க வேலை இல்ல. கிளம்பு.”

பையை எடுப்பதற்குள் அவன் கணக்கை மூடிவிட்டார்கள். பழக்கதோஷம், மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து மேசைத் திரையை எட்டிப் பார்த்தான். அறுந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள். ஒரு இணைப்புகூட விழவில்லை. அவன் இல்லாமலே எல்லாம் ஓடியது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஐந்து நிமிடத்துக்காகவா இத்தனை வருஷம்?

படியிறங்கும்போதே மனைவியை அழைத்தான்.

“என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க.”

“எத்தனை மணிக்கு வண்டி?” என்றாள்.