நான் எழுதிய கோல்

நான் பொய் எழுதினேன். போடாத ஒரு கோலை, இறந்துபோன ஒரு வெள்ளைக்காரரின் கணக்கில் சேர்த்தேன். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்...

நான் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியன். மனைவி போனபின் மதுரை செல்லூரில் மாடி வீட்டில் தனியே இருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் பழைய கால்பந்து வீரர்களைப் பற்றி எழுதுவதே என் பொழுதுபோக்கு. கீழே விசைத்தறி ஓட்டும் முருகேசன் எப்போதாவது டீ கொண்டுவருவார்.

"இம்புட்டு மெனக்கெடுறீங்களே சார், யாரு படிக்கப் போறா?"

டீயை வாங்கி வைத்துவிட்டு மறுபடி தட்டச்சைத் தொடர்வேன்.

நான் பொய் எழுதிய அந்த வெள்ளைக்காரர் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தில் சம்பளத்துக்குப் பந்தாடியவர். தடுப்பாட்டக்காரர். சிற்றூர் அணிகள், முழங்காலில் காயம், பிறகு போர் வந்து எல்லாம் முடிந்தது. அத்தனை ஆண்டுகளில் ஒரு கோல்கூட இல்லை! அந்தப் பூஜ்யத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவருக்காகவா இரங்கினேன்? எனக்காகவா?

கடைசி ஆட்டத்தில் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார் என்று எழுதிவிட்டேன். ஆதாரமாக, எவருக்கும் கிடைக்காத ஒரு பழைய உள்ளூர்ப் பத்திரிகையைக் காட்டினேன். மற்ற தளங்களும் அதை அப்படியே எடுத்துப் போட்டன.

பிறகு ஒருநாள், என்னைத் தேடிப் பிடித்து அவருடைய மகள் மின்னஞ்சல் அனுப்பினார். எண்பதைத் தாண்டிய அம்மாள். 'ஒரு கோலும் போட்டதில்லை என்றே அப்பா கடைசிவரை சொன்னார். எவ்வளவு அடக்கம்! அந்தக் கோலை அவர் கல்லறைக் கல்லில் பொறித்துவிட்டோம்.' படமும் இருந்தது.

ஐயோ! உண்மை பேசிய மனிதரை அவர் மகளிடமே பொய்யராக்கிவிட்டேனே!

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் வாரந்தோறும் எழுத ஆரம்பித்தார். சாப்பிட்டாயா, மதுரையில் வெயில் எப்படி என்றெல்லாம் கேட்டார். எனக்கு எழுதுகிறவர் இந்த உலகில் அவர் ஒருவர்தான். உண்மையைச் சொன்னபின் எழுதுவாரா?

கோழை நான்... அந்த வரியை மட்டும் ஓசைப்படாமல் நீக்கினேன். மறுநாளே முகம் தெரியாத ஒருவர் அதைத் திரும்பச் சேர்த்திருந்தார். கூடவே புது ஆதாரம்: அந்தக் கல்லறைக் கல்லின் படம்.

இன்று காலையும் அந்த அம்மாளிடமிருந்து மடல் வந்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி இன்னும் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டிருந்தார்.

கிடைத்தது என்று எழுதிவிட்டேன்.