படம் சுருங்கும் முன்னே

எங்கள் லயத்து வீட்டில் முதல் கார் பேட்டரியைக் கொன்றது என் அண்ணன்தான். தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளுக்கு மின்சாரம் கிடையாது. டிவி கார் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்க இறங்கத் திரையில் படம் சுருங்கும். அவன் நிறுத்தமாட்டான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னும் கையகலம் தெரியுதுலா!" என்பான். அப்படி ஒட்டக் கறந்தால் பேட்டரி பாழாகும் என்று பக்கத்து ஊரான லகாட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் போடும் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். யார் கேட்டது?

புதுப் பேட்டரி வந்தது. இதுவும் செத்தால் டிவியை விற்றுவிடுவேன் என்றார் அப்பா.

அவன் தங்கை நான் அப்போது ஈப்போவில் ரேடியோ தொழிற்சாலையில் வயர்களை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். பேட்டரி அளவுக்குக் கீழே இறங்கியதும் தானாகவே துண்டித்துவிடும் பெட்டி ஒன்றைச் செய்தேன்.

"வெடிச்சா வீடே போயிடும் பிள்ளே," என்றான் அண்ணன்.

"பேட்டரி உன் கையில இருக்கிறத விட இதுல ஆபத்து கம்மிதான்."

புதுப் பேட்டரியில் நேராக மாட்ட நான் முட்டாள் இல்லை. வெளியே மணலில் வைத்தேன். எட்டு டார்ச் பேட்டரிகளை வரிசையாகக் கட்டி, வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் பல்பைச் சேர்த்தேன். பெட்டியில் தப்பு இருந்தால் பல்பு எரியும், வேறு எதுவும் கருகாது.

பளிச்சென்று எரிந்தது. அண்ணன் கைதட்டிச் சிரித்தான்.

"சிரி அண்ணே. தப்பக் காட்டத்தான் அத வச்சேன்."

ஒரு டயோடைத் தலைகீழாக வைத்திருந்தேன். மாற்றினேன். பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். உள்ளே சுவிட்ச் 'டிக்' என்று பிடித்தது, பல்பு எரியவில்லை. ஒரு டார்ச் பேட்டரியைக் குறைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். விரலை எடுத்ததும் சுவிட்ச் பிடியை விட்டுவிட்டது. அதுதான் வேண்டும். அதற்குப் பிறகுதான் பியூஸ் போட்டுப் புதுப் பேட்டரியில் மாட்டினேன்.

டிவியில் சினிமாப் படம் போடும் நாளில் பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் கூடிவிட்டார்கள். கதாநாயகன் வில்லனை நெருங்கும்போது 'டிக்'. கொஞ்சமும் சுருங்காத படம் அப்படியே அணைந்தது.

"ஐயோ, அடிச்சானா இல்லையா?" என்று கத்தினார் பக்கத்து வீட்டு அக்கா. அண்ணன் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தான். இணைப்பு நிற்கவில்லை. பெட்டியை விட்டுவிட்டு வயரை நேராக இணைக்கப் போனான்.

பேட்டரிக்கு முன்னால் போய் நின்றேன்.

"தொட்டுப் பாரு!"

தொடவில்லை.

மறுநாள் அவனே பேட்டரியைச் சைக்கிளில் வைத்து லகாட்டுக்குக் கொண்டுபோனான். நல்லா இருக்கு, இனிமேல் இப்படியே கொண்டுவா என்றாராம் கடைக்காரர். டிவி வீட்டிலேயே நின்றது.

அடுத்த வாரம் வாசலில் கூடியிருந்த பக்கத்து வீட்டு ஆட்களிடம் அவன் சொல்வது கேட்டது: "படம் சுருங்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும்லா. இல்லன்னா பேட்டரி போயிடும்."

அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்: "யாரு சொன்னது அண்ணே?"

"நீதான்லா," என்றான். "எல்லாருக்கும் கேட்டுச்சா? இவதான் சொன்னா."