சாப்பிடாமல் வந்த வீடு

மெல்பேணின் நோபல் பார்க்கில் எந்தத் தமிழர் வீட்டில் சலவை இயந்திரம் நின்றாலும் இந்திரகுமாருக்குத்தான் போன் வரும். மருத்துவமனைக் கருவிகளைத் திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சிவகௌரி இறந்தபின் தன் வீட்டில் திருத்த ஒன்றும் இல்லாமல் கதிரையில் இருந்தார். கென்யாவில், விக்டோரியா ஏரியோரச் சிறு நகரமொன்றின் மருத்துவமனைக்குத் தொண்டர் தேவை என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டார்.

“அங்க போயும் எல்லாத்திலயும் பிழை பிடிக்காதேங்கோ அப்பா,” என்றாள் மகள் பார்கவி, விமான நிலையத்தில்.

“நான் மிசினிலதான் பிழை பிடிப்பன். ஆக்களில இல்லை.”

“அம்மா இருந்திருந்தா இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.”

அந்த நகரத்தில் முதலில் அவர் கண்ணில் பட்டவை செம்மண் புழுதியும், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பறக்கும் மோட்டார் சைக்கிள்களும். முதலில் மனதில் ஒட்டியவன் மருத்துவமனை வான் சாரதி ஒச்சியெங். மூத்தவர்களை அங்கே மரியாதையாக ‘முஸே’ என்பார்கள். அவனும் அப்படியே அழைத்தான்.

“முஸே, ஒட்சிசன் மிசினுக்கு உயிர் குடுத்தது காணும். என்ர வானையும் ஒருக்காப் பாருங்கோ,” என்று ஆங்கிலத்தில் பகிடி விடுவான்.

முதல் ஞாயிறு அவரைத் தன் தாயிடம் கூட்டிப்போனான். கிழவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏதோ ஏசினாள்.

“இந்த மெலிவோட உங்களைத் திருப்பி அனுப்பினால் ஊர் தன்னைத்தான் ஏசுமாம். முற்றத்தில நிக்கிற கோழி உங்களுக்குத்தானாம்,” என்றான் ஒச்சியெங்.

அதற்குள் பிள்ளைகள் வார்ட்டில் ஒட்சிசன் இயந்திரம் மறுபடி நின்றுவிட்டதாகப் போன் வந்தது. “வாற ஞாயிறு கட்டாயம் சாப்பிடுவன்,” என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு ஓடினார்.

அந்த ஞாயிறுக்குள் அவள் இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். முற்றம் நிறையச் சனம். ஒச்சியெங் தானே ஒரு தட்டைக் கொண்டுவந்து இரண்டு கைகளாலும் நீட்டினான். கோழிக்கறியும் சோளமாக் களியும். இந்திரகுமார் தலையசைத்து மறுத்தார். செத்த வீட்டில் பிறத்தியார் கை நனைப்பதில்லை, புறப்படும்போது சொல்லிக்கொள்வதும் இல்லை என்பது அவர் வளர்ந்த ஒழுங்கு; மெல்பேணிலும் அதை மீறியதில்லை. தனக்குத் தெரிந்த மரியாதை முழுவதையும் அந்தத் தாய்க்குச் செய்வதாக எண்ணி, சத்தமில்லாமல் எழுந்து நடந்தார். அறைக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்தார்.

அதன்பிறகு ஒச்சியெங்கிடம் பகிடி இல்லை. முஸேயும் இல்லை. “குட் மோர்னிங், சேர்,” என்பதோடு சரி. துக்கம், ஆற விடுவோம் என்று இவரும் ஒதுங்கியே இருந்தார். கடைசியில் வார்ட்டுத் தாதி ஒருத்திதான் சொன்னாள்:

“சாகும்வரைக்கும் அவ அந்தக் கோழியை ஒருத்தரையும் தொட விடேல்லை. அண்டைக்குத் தட்டில வந்தது அதுதான். நீங்கள் தட்டைத் தள்ளிப்போட்டுக் கள்ளன் மாதிரி நழுவினியளாம். எங்கட சாப்பாடு அந்த மனிசனுக்கு அருவருப்போ எண்டு சொந்தக்காரர் அவனைக் கேக்கினம்.”

இந்திரகுமார் வானடிக்கு ஓடினார். தன் ஊர் வழக்கத்தை மூச்சிரைக்கச் சொன்னார். ஒச்சியெங் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கேட்டிருந்தான்.

“விளங்குது, சேர். உங்கட ஊரில அது மரியாதை.”

“என்னை இப்ப அங்க கூட்டிக்கொண்டு போ. என்ன தந்தாலும் சாப்பிடுறன்.”

“வீடு பூட்டிக் கிடக்கு, சேர். ஆர் சமைக்கிறது?”

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இன்னொரு தரம் கேட்டுப் பார்த்திருப்பார்.

திரும்பும் நாளில் அவனே பெட்டியைத் தூக்கிவந்து விமான நிலையத்தில் வைத்தான். கை குலுக்கினான். “சேஃப் ஜேர்னி, சேர்.”

மெல்பேணில், வீட்டுக்குப் போகும் காரில், பார்கவி கேட்டாள்: “அங்க ஆரும் பிரண்ட்ஸ் பிடிச்சனீங்களோ அப்பா?”

“ஒருத்தன் இருந்தவன்,” என்றார் இந்திரகுமார்.