வஜீஹாவின் ஏழுக்கு மூன்று

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் வஜீஹா குடியிருந்தார். கணவர் இனாயத் கல்யாண வீடுகளில் தலைக்கு மேலே விதானமாகக் கட்டும் மேற்கட்டித் துணியை வாடகைக்குக் கொடுப்பவர். 1926-ல் ஒரு கல்யாணத்தில் வாணப்பொறி விழுந்து புதுத்துணி ஒன்று எரிந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அதற்கடியில் தூங்கிய குழந்தையை ஒருவர் காலைப் பிடித்து இழுத்ததை வஜீஹா பார்த்தார். துணி எரியாமலிருக்க வழி உண்டா என்று அன்றிலிருந்து கேட்கத் தொடங்கினார்.

நாடகக் கொட்டகைத் திரையை வெங்காரம் என்ற உப்பைக் கரைத்த நீரில் தோய்ப்பார்கள் என்று மருந்துக்கடைக் கம்பவுண்டர் ஒருவர் சொன்னார். அளவு அவருக்குத் தெரியவில்லை. வஜீஹா கந்தல் துண்டுகளைத் தோய்த்து, காயவைத்து, விளக்கில் காட்டிப் பார்த்தார். வெங்காரம் மட்டும் போட்டால் சுடர் அணைந்துவிடும். ஆனால் கரிந்த ஓரம் சிவந்து கனன்றுகொண்டே உள்ளே போகும். கண் கழுவும் போரிக் பவுடரைச் சேர்த்தபோது கனலும் நின்றது. கூட்டியும் குறைத்தும் பார்க்க இரண்டு மாதம் ஆயிற்று. வெங்காரம் ஏழு பங்கு, போரிக் மூன்று பங்கு.

ஒவ்வொரு துணியின் மூலையிலும் சாண் நீளத்துக்கு ஒரு நாடா வைத்துத் தைத்தார். துணியோடு சேர்ந்து அதுவும் தோயும். வெளியே அனுப்புமுன் அதில் ஒரு விரலளவு வெட்டிக் கொளுத்துவார். கரிந்து நின்றால் துணி போகும். இல்லையென்றால் மறுபடியும் தொட்டிக்கு.

இனாயத் இறந்தபின் இதுவே பிழைப்பு. மற்ற வாடகைக்காரர்களிடம் துணி ஐம்பது, அறுபது இருக்கும்; அவரிடம் ஒன்பதே. ஆனால் எரியாத மேற்கட்டி அவரிடம் மட்டும்தான். அளவை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

1933 தை மாதம், வடக்கு மாட வீதியில் வாத்தியார் வேதாந்தத்தின் மகள் ஜானுவுக்குக் கல்யாணம். ஹோமம் முற்றத்தில். வஜீஹாவின் துணி இரண்டு நாள் முன்பே போய்விட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, கட்டியது சரியா என்று பார்க்கப் போனவர் தொங்கிய மூலையைத் தொட்டார். தோய்த்த துணி விறைப்பாக, சொரசொரவென்று இருக்க வேண்டும். இது பஞ்சு போலிருந்தது.

வேதாந்தத்தின் மனைவி விசாலாக்ஷி உள்ளேயிருந்து வந்தார்.

“மாமி, இத்த யாருனா நனைச்சாங்களா?”

“நனைக்காம? வெளியில தொட்ட துணிய அப்படியே கட்டுவாளா? நாளைக்கு அதுக்கடியில அக்னி வளர்க்கப் போறோம். கிணத்தடியில நாலு தரம் அலசி, நானே மடியா ஒணத்திண்டு வந்தேன். உன் துணியில ஏதோ உப்பா பூத்திண்டு இருந்தது. எல்லாம் போயிடுத்து.”

“அந்த உப்புக்குத்தானே மாமி என்னிய கூப்ட்டீங்க!”

வஜீஹா நாடாவில் ஒரு விரலளவு வெட்டி, முற்றத்து விளக்கில் காட்டினார். தீ குப்பென்று ஏறியது. கையை உதறிக் கீழே போட்டு மிதித்தார். விசாலாக்ஷி இரண்டடி பின்னால் போய்விட்டார்.

“குடுங்க, எடுத்துனு போய்த் தோச்சுத் தரேன். சாயங்காலம் காஞ்சிரும்.”

“நீ தோச்சா, நான் மறுபடி நனைக்கணுமே.”

“நீங்க நனைச்சா நான் மறுபடி தோய்க்கணும். ஆடி மாசம் வரைக்கும் இப்டியே போய்க்கினு இருக்கலாம்.”

விசாலாக்ஷி சிரிக்கவில்லை. “மேற்கட்டி இல்லாம சம்பந்தி முன்னாடி நிக்க முடியாது. ஒரு நாள்தானே, இப்படியே இருந்துட்டுப் போறது.”

“நெய் ஊத்தினா நெருப்பு எவ்ளோ ஒசரம் எழும்பும்னு உங்களுக்குத் தெரியாதா? அடியில ஒக்காரப் போறது ஜானு.”

விசாலாக்ஷி துணியை அவிழ்க்கச் சொல்லவில்லை. வஜீஹா கருகிய நாடாத் துண்டைப் பொறுக்கி எடுத்தார்.

“கொழந்தைங்க வாய்ப்புண்ணுக்கு வெங்காரம் வெச்சிருப்பீங்களே?”

“கொஞ்சம் இருக்கு.”

“மீதிய மருந்துக் கடையில வாங்கியாரச் சொல்லுங்க. வெங்காரம் ஏழு பலம், போரிக் பவுடரு மூணு பலம், வெந்நீ ஒன்றரைப் படி. இதே கணக்குல துணி முங்கற அளவுக்குக் கரைச்சிக்குங்க. தோச்சி லேசா பிழிங்க, முறுக்காதீங்க. உங்க கிணத்துத் தண்ணி, உங்க கை. நான் தொட மாட்டேன்.”

“இவ்வளவுதானா? இதையா இத்தனை வருஷமா மூடி மூடி வச்சிண்டிருந்தே?”

“இவ்ளோதான்,” என்றார் வஜீஹா.

கிணற்றடியிலிருந்து விலகி நின்று, அண்டாவில் பொடி முழுவதும் கரையும்வரை கிண்டச் சொன்னார். சாயங்காலம் விசாலாக்ஷியே நாடாவை வெட்டி விளக்கில் காட்டினார். கரிந்தது, நின்றது.

மறுநாள் நெய்யோடு எழுந்த தீ கனன்ற ஒரு சமித்துக் குச்சித் துணுக்கை மேலே தூக்கிப் போட்டது. மேற்கட்டியில் காலணா அளவு கருகி ஓட்டை விழுந்து புகைந்தது. பிறகு புகையும் நின்றது. புரோகிதர் மந்திரத்தை நிறுத்தவில்லை. விசாலாக்ஷி மட்டும் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார்.

அளவு அந்த வீட்டோடு நிற்கவில்லை. பங்குனிக்குள் வடக்கு மாட வீதியில் தெரியாதவர் இல்லை. வேறு வாடகைக்காரர்களும் தோய்க்கத் தொடங்கினார்கள். வஜீஹாவின் ஒன்பது துணியில் ஐந்து கொடியிலேயே கிடந்தன. அடுத்த வருஷம் அவற்றை விற்றார்.

மிச்சம் நான்கைக் கடைசிவரை வாடகைக்கு விட்டார். கேட்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “நனைப்பீங்களா, நனைக்க மாட்டீங்களா?” நனைப்போம் என்கிற வீட்டுக்கு, தோய்க்காத துணியும் பொடிப் பொட்டலமும் தனித்தனியாகப் போகும். ஜானு கல்யாணத்துத் துணியின் ஓட்டையை மட்டும் அவர் தைக்கவில்லை. பொடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தத் துணியை விரித்து ஓட்டையைக் காட்டுவார்.