அவரை எந்தக் கட்டத்தில் போடுவது

என் கொழுந்தனாரைத் தெருவில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். கல்யாணத்துக்கு முன்னாலேயே சேர்ந்த வேலை. யாருக்கு எந்த மாடி என்று கேட்காமலே பட்டனை அமுக்குவார். வெள்ளைச் சட்டைக்குத் தானேதான் இஸ்திரி போடுவார், பெண்டாட்டியைக்கூடத் தொட விடமாட்டார். அவள் தம்பி, அவருக்கு மச்சினன், கிண்டல் பண்ணுவான்: "மாமா தினமும் உசரத்துக்குப் போறாரு. சாயங்காலம் ஆனா கீழ இறக்கி விட்டுடுறாங்க." அவரும் சேர்ந்து சிரிப்பார். கோபமே வராது. கடவுள் அப்படிப் படைத்திருக்கிறார்.

போன வருஷம் அங்கே புது லிஃப்ட் வைத்தார்கள். அதற்கு ஆள் வேண்டாம். இவரை அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மாடி. வேலை போன பிறகும் அவர் காலையில் அதே சட்டையோடு, சாப்பாட்டு டப்பாவோடு இறங்குவார். "வேலை தேடிட்டு வரேன் அண்ணி" என்பார். நானும் நல்லபடியாகக் கிடைக்கணும் சாமி என்று வேண்டிக்கொள்வேன். மச்சினன் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை ஒன்று பார்த்து வைத்தான். "வேற ரெண்டு இடத்துல சொல்லி வச்சிருக்கேன்பா, அது என்னன்னு பார்த்துடறேன்" என்று இவர் தள்ளிக்கொண்டே வந்தார். இந்த வாரத்துக்குள் ஆள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் சர்க்காரிலிருந்து ஒரு பெண் வந்தாள். யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிகிறவள். நான் மாடிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். ஓரகத்திதான் பதில் சொன்னாள். "வேலை போயிடுச்சும்மா. தினமும் அலைஞ்சு தேடுறாரு. செருப்பே தேஞ்சு போச்சு."

அன்றைக்கென்று பார்த்து அவர் சீக்கிரமே படியேறி வந்தார். "சாரே வந்துட்டாரு. அவர்கிட்டயே கேக்கணும், அதான் முறை" என்றாள் அந்தப் பெண். "போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா சார்?"

"செஞ்சேனே."

ஓரகத்தி சட்டென்று திரும்பினாள்.

"பழைய இடத்துலதான்மா. வயசானவங்களுக்கு அந்தப் புது பட்டன் புரியல. நான் நின்னு ஏத்தி விடுவேன். வாட்ச்மேன் தெரிஞ்சவரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இன்னைக்கு அங்க கரண்ட் இல்ல, அதான் வந்துட்டேன்."

"சம்பளம் தர்றாங்களா?"

"இல்லம்மா."

"அப்போ அதை வேலைன்னு எடுத்துக்க முடியாது சார். சரி, வேலை தேடினீங்களா? யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூடப் போதும்."

சர்க்கார் ஆளிடம் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. தரையைப் பார்த்தார். "இல்லம்மா."

"ஒரு தடவைகூட?"

"இல்ல. வேலையில்லாதவன்னு போட்டுக்கோம்மா" என்றார்.

"அப்படிப் போட முடியாது சார். வேலை இல்லாம இருந்து, அதைத் தேடவும் செஞ்சாத்தான் அந்தக் கணக்குல வரும். நீங்க வேலையில இருக்கறவங்கள்லயும் வரல, இல்லாதவங்கள்லயும் வரல. படிக்கிற பிள்ளைங்க, வயசாகி உக்காந்தவங்க இருக்காங்கல்ல, அவங்களோட சேர்த்துத்தான் போடணும்."

"அப்போ நான் கணக்குலயே இல்லையா?"

"இருக்கீங்க சார். வேற கட்டம்." பாவம், அவள் என்ன செய்வாள்.

அவள் போன பிறகு ஓரகத்தி கத்தவில்லை. "டப்பாவை எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அந்தக் கட்டடத்து மாடிப்படியில."

"அந்த லிஃப்ட்டே உங்களை வேணாம்னுடுச்சு. நான்தான் இன்னும் சோறு கட்டிக் கொடுத்துட்டு இருந்திருக்கேன்."

"வேற இடத்துல போய் நிக்கவே பயமா இருக்குடி" என்றார் அவர். அவளுக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ, உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தம்பியோடு இறங்கி வந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போறேன் அக்கா. அவங்களுக்கு வேண்டியது ஒரு ஆளு. அது நானா இருந்தா என்ன?"

"அவர்கிட்ட சொன்னியாம்மா?"

"கேட்டுட்டுத்தான் நிக்கிறாரு."

மேலே பார்த்தேன். பனியனோடு படியில் நின்றிருந்தார்.

அன்றைக்கே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் அவள் கால் வீங்கி வந்தாள். விசாரிக்க நானும் மாடிக்குப் போனேன். அவர் சமைத்து வைத்திருந்தார். எதிரில் உட்காராமல் சுவரோரமாகச் சாப்பிட்டாள். தட்டை வாங்க அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தானே எழுந்து கழுவப் போனாள். அவர் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதைப் பார்க்கமுடியாமல் நான் கீழே வந்துவிட்டேன்.